வேலூருக்குள் போக வர: பஸ், சைக்கிள், நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருஷமாக விருதம்பட்டிலிருந்து தோட்டப்பாளையத்துக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். நல்ல மழை என்றால் டவுன் பஸ். வீட்டில் ஒரு பைக் இருக்கிறது, வாரத்தில் ரெண்டு நாள் வெளியே எடுத்தால் அதிகம். இதைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் கடையிலும் சொந்தக்காரர்களிடமும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"இன்னா சார், பைக் இருக்கும்போது எதுக்கு சைக்கிள்ல வந்துகினு இருக்கீங்க?"

தூரம் அவ்வளவுதான் என்பதுதான் முதல் காரணம். ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காலை எட்டே முக்காலுக்கு பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் பைக்கும் கிரீன் சர்க்கிள் சந்திப்பு வரை ஊர்ந்துதான் போக வேண்டும். சைக்கிள் ஓரமாகப் போய்விடும். நான் பல தடவை கணக்குப் பார்த்துவிட்டேன், பைக்கை விட ஐந்தாறு நிமிஷம்தான் கூட ஆகிறது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக மாதாமாதம் பெட்ரோல் போட எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்து ராத்திரி பாலத்தில் வரும்போது காற்று முகத்தில் அடிக்கிற அந்த பத்து நிமிஷம்தான் அன்றைக்கு எனக்கே எனக்கு என்று கிடைக்கிற நேரம்.

"வேலூர் என்ன சென்னையா? இந்த ஊருக்கு எதுக்கு பஸ், சைக்கிள், பிளான் எல்லாம்?"

சென்னை அளவுக்குப் பெரிய ஊராக இல்லாததால்தான் சொல்கிறேன், இன்னும் சரி பண்ணலாம்.

வேலூரின் அமைப்பை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாலாறு, நடுவில் கோட்டை. ஊர் கிட்டத்தட்ட ஒரே நூலில் கோத்த மாதிரி நீண்டு கிடக்கிறது. பாகாயத்தில் ஆரம்பித்தால் சங்கரன்பாளையம், வேலப்பாடி, சிஎம்சி ஆஸ்பத்திரி, பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட், பாலம், விருதம்பட்டு, சித்தூர் பஸ் ஸ்டாண்ட், காட்பாடி ஜங்ஷன், அப்புறம் விஐடி பல்கலைக்கழகம். படிப்பு, வைத்தியம், வியாபாரம், ரயில் எல்லாமே இந்த ஒரே கோட்டில்தான். குறுக்கே சத்துவாச்சாரி பக்கம் ஒரு கை, கொணவட்டம் பக்கம் ஒரு கை.

இப்படிப்பட்ட ஊர் பஸ்ஸுக்கென்றே வரைந்த மாதிரி. ஒரே வழித்தடத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட்டால் பாதி ஊர் அதில் ஏறிவிடும். காட்பாடி – பாகாயம் ஒன்றாம் நம்பர், ரெண்டாம் நம்பர் பஸ்ஸை இந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. வெளியூரிலிருந்து சிஎம்சிக்கு வருகிறவர்களுக்கும் ரெண்டாம் நாளே அந்த நம்பர் மனப்பாடம் ஆகிவிடும். அதே சமயம், இப்படிப்பட்ட ஊர்தான் காருக்கும் பைக்குக்கும் சீக்கிரம் மூச்சு முட்டுகிற ஊர். நெரிசல் என்றால் சந்து புகுந்து போகலாம் என்று நினைத்தால் சந்து மலையில் முட்டும், இல்லையென்றால் ஆற்றில் போய் நிற்கும். 2022 ஜூனில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுது பார்க்க ஒரு மாதம் போல மூடினார்களே, ஒரே ஒரு பாலத்துக்கு ஊரே சுற்றிப் போக வேண்டி வந்தது ஞாபகம் இருக்கும்.

"அப்போ ரோட்டை அகலப்படுத்தலாம், இன்னும் ரெண்டு மேம்பாலம் கட்டலாம். அதை விட்டுட்டு…"

அகலப்படுத்த இடம் எங்கே? ஆற்காடு ரோட்டில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் மருந்துக் கடையும் லாட்ஜும். அண்ணா சாலையில் கோட்டை அகழி. லாங்கு பஜாரில் மனிதர்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ரெண்டு அடி எடுக்க வேண்டும் என்றால் யாருடைய வாசல்படியையாவது இடிக்க வேண்டும். அப்படி இடித்துக் கிடைக்கிற ரெண்டு அடியில் மறுநாளே பைக் நிறுத்தியிருப்பார்கள்.

மேம்பாலத்துக்கு வருவோம். சென்னையில் ஜெமினி மேம்பாலம் 1973-ல் திறந்தார்கள். அதற்கப்புறம் அந்த ஊர் அண்ணா சாலையில் நெரிசல் தீர்ந்ததா? இன்றைக்கு அதே சாலையில் தரைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது, மேலே சைதாப்பேட்டை பக்கம் இன்னும் ஒரு பெரிய மேம்பாலத்துக்கு 2024-ல் வேலை ஆரம்பித்தார்கள். ரோடு கொஞ்சம் காலியானது என்று தெரிந்தாலே, அதுவரை பஸ்ஸில் போனவர் பைக் எடுப்பார், பைக்கில் போனவர் தவணையில் கார் எடுப்பார். ரெண்டு வருஷத்தில் பழையபடி ஆகிவிடும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, இடம் இருந்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது பேர் உட்கார்ந்து போகிற டவுன் பஸ் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கும். அதே ஐம்பது பேர் ஒரு காருக்கு ரெண்டு பேர் என்று போனால்கூட இருபத்தைந்து கார். முன்னே பின்னே கொஞ்சம் இடைவெளி விட்டால் நூற்றைம்பது மீட்டர் ஆகிவிடும். பாலாற்றுப் பாலத்தில் அந்த நூற்றைம்பது மீட்டரை நிறுத்திப் பாருங்கள், கிரீன் சர்க்கிள் ஏன் தினமும் சாயங்காலம் அடைத்துக்கொள்கிறது என்று புரியும். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே இதைத்தான் சொல்கிறது: வண்டிகளை நகர்த்துவது நோக்கமில்லை, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம்.

"டவுன் பஸ்ஸை நம்பி எப்படிங்க வேலைக்குப் போறது?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானும் பலமுறை நொந்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தைந்து நிமிஷம் நின்றேன். பஸ்ஸே வரவில்லை, அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வந்தன. முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, மூன்றாவது காலி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்றால் வந்தால் உண்டு.

இது ஓட்டுநர், நடத்துநர் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் அதே நெரிசலில்தான் மாட்டுகிறார்கள். முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெருகும், ஏற்றி இறக்க இன்னும் நேரமாகும், பின்னால் வருகிற பஸ் அதை எட்டிப் பிடித்துவிடும். மூன்று பஸ் சேர்ந்து வருவதன் காரணம் இவ்வளவுதான். இதற்கு மருந்தும் உண்டு. நெரிசல் நேரத்திலாவது பஸ் நிற்கிற இடத்தில் ஆட்டோவும் காரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். பழைய பஸ் ஸ்டாண்ட், ராஜா தியேட்டர் மாதிரி இடங்களில் பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றாமல் ஓரம் கட்ட இடம் விடலாம். புறப்படும் நேரத்தை எழுதி ஒட்டலாம். கோடிக்கணக்கில் செலவாகிற காரியம் இதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெயின்ட் டப்பாவும் ஒரு போலீஸ்காரரும் போதும்.

அப்புறம், பஸ்ஸை நம்ப முடியவில்லை என்று பைக் வாங்குகிறோம், பைக் கூடக் கூட பஸ் இன்னும் தாமதமாகிறது. இந்தச் சுழலை யாராவது ஒரு பக்கம் அறுத்தாக வேண்டும். பைக்கை விற்றுவிட்டு வா என்று தனி மனிதரிடம் சொல்வதை விட, பஸ்ஸை நேரத்துக்கு விடு என்று அரசிடம் கேட்பதுதான் முறை.

"பொம்பளைங்களுக்கு ஓசி டிக்கெட் கொடுத்துதானே பஸ் கெட்டுப்போச்சு?"

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். முதலில் அந்த "ஓசி" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். 2021 மே 8-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இப்போது அதற்கு விடியல் பயணம் என்று பெயர். பெண்கள் ஏறுகிற கணக்குக்கு அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் நம் எல்லோருடைய வரிப்பணம், அதில் அந்தப் பெண்களின் பணமும் இருக்கிறது. தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் அவர்களும்தான் வரி கட்டுகிறார்கள். மேம்பாலத்தில் கார் ஏறிப் போவதற்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை, அதை நாம் ஓசி என்று சொல்வதில்லையே.

மாநிலத் திட்டக் குழு எடுத்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். முன்பெல்லாம் காலையில் பஸ்ஸில் போவார், சாயங்காலம் காசு மிச்சம் பிடிக்க நடந்து வருவார். இப்போது ரெண்டு வேளையும் பஸ். ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வருகிறார், பிள்ளைகள் தனியாக இருப்பதில்லை. இலவம்பாடிப் பக்கத்திலிருந்து முள்ளுக் கத்தரிக்காய்க் கூடையோடு நேதாஜி மார்க்கெட்டுக்கு வருகிற அம்மாக்களைப் பாருங்கள், அவர்களுக்கு இந்தப் பஸ் என்ன என்பது புரியும்.

கூட்டம் அதிகம் என்பது உண்மை. கூட்டம் அதிகமானால் பஸ்ஸைக் கூட்ட வேண்டும். ஏறுகிறவர்களைத் திட்டி என்ன பயன்? கட்டணம் இல்லாத வெள்ளைப் பலகை பஸ்ஸைக் குறைத்துவிட்டு எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று பலகை மாட்டினால் அந்த அக்கா மாதிரியானவர்கள் பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். கவனிக்க வேண்டியது அங்கே.

"புது பஸ் ஸ்டாண்டே கட்டிட்டாங்களே, இன்னும் என்ன?"

2022-ல் திறந்தார்கள், பெரிதாக இருக்கிறது, நிழல் இருக்கிறது, நல்லது. ஆனால் ஸ்டாண்ட் என்பது பஸ் நிற்கிற இடம். பயணிக்கு வேண்டியது பஸ் ஓடுவது. வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் பெட்டி, படுக்கை, நோயாளி சகிதம் டவுன் பஸ் எங்கே நிற்கிறது என்று தேடி அலையாமல் ஏற முடிகிறதா என்று பாருங்கள். அதில்தான் மார்க் போட வேண்டும்.

"ஊர் பேரே வெயிலூர். இந்த வெயில்ல யார் சைக்கிள் மிதிப்பாங்க?"

சித்திரை, வைகாசியில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நானும் மிதிக்க மாட்டேன். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நாளில் அது உடம்புக்கு ஆகாது, யாரையும் மிதிக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற நேரம் காலை எட்டு, ஒன்பது. திரும்புவது சாயங்காலம் ஆறு, ஏழு. அந்த நேரத்தில் வருஷத்தில் பத்து மாதம் தாராளமாக மிதிக்கலாம். சிக்னலில் நிற்கும்போதுதான் வெயில் தெரியும், ஓடிக்கொண்டிருந்தால் காற்று வரும்.

நம் ஊர் பெரும்பாலும் சமதளம், கியர் வண்டிகூட வேண்டாம். காட்பாடி மேம்பாலத்து ஏத்தம் ஒன்றுதான் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். முட்டி வலிக்கிறது என்று சைக்கிளை விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு சீட்டு தாழ்வாக இருக்கும். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும், அந்த உயரத்துக்கு சீட்டை ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய். இவ்வளவுதான் பராமரிப்பு.

வெயிலைப் பற்றிப் பேசினால் மரத்தைப் பற்றியும் பேச வேண்டும். ரோடு போட வெட்டின புளிய மரங்களும் வேப்ப மரங்களும் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே பாதி வராது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த ரோட்டில் எந்த இடத்தில் நிழல் இருந்தது என்று சரியாகச் சொல்வார்கள்.

"சைக்கிள், வசதி இல்லாதவங்க வண்டி. பொண்ணு குடுக்கற வீட்ல கேட்டா என்ன சொல்றது?"

இதை ஒருவர் உண்மையிலேயே கேட்டார், என் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணப் பேச்சில். பைக் இருக்கிறது, ஆனால் சைக்கிளில் போகிறார் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் சைக்கிள் வைத்திருப்பது பெருமை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள்தான் நாம். புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் போய்வர முடிந்தது அவர்கள் வாழ்க்கையையே மாற்றியது. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுப்பதும் அந்த எண்ணத்தில்தான், முதலில் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து அப்புறம் எல்லோருக்கும் என்று ஆனது.

என் மகளுக்கும் அப்படி ஒரு சைக்கிள் கிடைத்தது. ஆனால் மெயின் ரோட்டில் ஓட்ட விட எனக்கே பயமாக இருந்தது, ரெண்டு மாதம் வாசலில் நின்றது. சைக்கிள் கொடுத்த அரசு அதை ஓட்ட ஒரு ஓரம் கொடுக்கவில்லை. அந்த வருத்தம்தான் என்னை இதையெல்லாம் யோசிக்க வைத்தது.

"அப்போ சைக்கிளுக்குத் தனி ரோடு கேக்கறீங்களா? நம்ம ஊர்ல நடக்குமா?"

எல்லா ரோட்டிலும் கேட்கவில்லை. உள்தெருக்களில் வண்டிகள் இருபது, முப்பது வேகத்துக்கு மேல் போகாமல் இருந்தால் போதும், தனிப் பாதை தேவையே இல்லை. பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், சத்துவாச்சாரி நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு மாதிரி வேகமான இடங்களில்தான் பிரித்து விட வேண்டும். வெள்ளைக் கோடு போட்டால் பத்தாது, அதன் மேல் ஆட்டோ நிற்கும். கையளவு உயரத்துக்கு ஒரு கட்டை வைத்தால்தான் பாதை பாதையாக இருக்கும்.

நெதர்லாந்தைப் பற்றிச் சொன்னால் அது அந்த ஊர், அவர்கள் வழக்கம் என்பார்கள். அங்கேயும் ஐம்பது, அறுபதுகளில் கார் பெருகி சைக்கிள் ஒதுங்கித்தான் போனது. 1971-ல் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் செத்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் பாதைகள் வந்தன. வேறு ஊர்க்காரர்களுக்கு முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன், அதே அளவு அகலத்தில் அப்படியே இங்கே வை என்று சொல்லவில்லை. நம் பாதையில் தள்ளுவண்டியும் மூன்று சக்கரமும் போகும், அதற்கேற்ற மாதிரி யோசிக்க வேண்டும்.

"ஷேர் ஆட்டோவைத் தடை பண்ணினா நெரிசல் குறையுமா?"

குறையாது. பஸ் வராத இடத்துக்கும் நேரத்துக்கும் ஷேர் ஆட்டோதான் ஆள் சுமக்கிறது, ஒரு காரை விட அதிகம் பேரை. தொந்தரவு எங்கே வருகிறது என்றால் பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஆள் கூப்பிடும்போது. ஐம்பது அடி தள்ளி நிற்க ஒரு இடம் குறித்துக் கொடுத்தால் ரெண்டு பேருக்கும் நல்லது.

"நடக்கறவங்களைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறீங்க? இந்தக் காலத்துல யார் நடக்கறாங்க?"

சிஎம்சி வாசலில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடம். இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்தும் வருகிறார்கள். பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ் எடுத்துத் தங்கி, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தினமும் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறார்கள். அந்தத் தெருக்களில் வங்காளி எழுத்தில் பலகை இருக்கிறது, மீன் குழம்புச் சாப்பாடு இருக்கிறது, நடக்க இடம்தான் இல்லை. கீமோ முடிந்து வருகிற அம்மாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பைக்குகளை நிறுத்தி நிறுத்தி ரோடு தாண்டுகிற பையனை நான் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலி நடைபாதையில் ஏற முடியாது, ஏற சரிவு இல்லை, ஏறினாலும் பத்தடியில் ஒரு மின்பெட்டி மறிக்கும். அதனால் நோயாளியை பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ரோட்டில் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஊர் சாப்பிடுவதில் பெரும் பங்கு இவர்கள் கொண்டுவரும் பணத்தில். லாட்ஜ், மருந்துக்கடை, ஆட்டோ, ஹோட்டல், பழக்கடை, எல்லாம். அவர்களுக்கு எட்டடி அகலத்தில் தடங்கல் இல்லாத ஒரு நடைபாதையும், ஒரு ரோட்டைத் தாண்ட முப்பது வினாடி சிக்னலும் கொடுக்க முடியாதா? என் கையில் பொறுப்பைக் கொடுத்து ஒரே ஒரு வேலை செய் என்றால், மேம்பாலம் எதுவும் வேண்டாம், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சிஎம்சி வாசல் வரை நடக்கிற இடத்தைத்தான் சரி செய்வேன். சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒரு கொள்கையே எடுத்தது, 2019-ல் பாண்டி பஜாரை நடக்கிறவர்களுக்காக மாற்றிக் கட்டினார்கள். கடைக்காரர்கள் முதலில் பயந்தார்கள், இன்றைக்குப் போய்ப் பாருங்கள், சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

"நடைபாதைக் கடைகளைக் காலி பண்ணினாலே நடக்க இடம் வந்துடுமே?"

நடைபாதையை அடைத்து நிற்பதில் பாதிக்கு மேல் பைக்கும், பெரிய கடைகள் வெளியே இழுத்து வைக்கிற சாமான்களும்தான். பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் பிடிக்கிற இடம் கொஞ்சம். அவர்கள் இருப்பதால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த வழியில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தத்தான் சொல்கிறது. அகலமாக ஒரு நடைபாதை போட்டு ஓரத்தில் அவர்களுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள்.

"ஊர் வளர்ந்தா வெளியே போய்த்தானே ஆகணும்?"

போகட்டும். ஆனால் ஒவ்வொன்றாக எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கோட்டைக்குள் இருந்தது, இப்போது சேர்க்காட்டில். சிஎம்சியின் புது வளாகம் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில். கலெக்டர் ஆபீஸ் சத்துவாச்சாரியில். கட்டிடத்துக்கு இடம் கிடைத்ததே தவிர, அங்கே போகிறவர் எப்படிப் போவார் என்று முதல் நாளே யோசித்த மாதிரி தெரியவில்லை. அடுக்கம்பாறைக்கு ராத்திரி திடீரென்று போக வேண்டிய ஏழைக் குடும்பம் ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணம், பகலில் ஆகிற பஸ் செலவோடு ஒப்பிடவே முடியாதது. இங்கே டவுன் பஸ்ஸில் குறைந்த கட்டணம் 5 ரூபாய்.

கட்டிட அனுமதி கொடுக்கும்போதே பஸ் வழித்தடமும் சேர்ந்து முடிவாக வேண்டும். இதே மாதிரிதான் புது நகர் போடுகிறவர்களும். முப்பது அடி ரோடு, கோயில், பூங்கா என்று பலகையில் போடுகிறார்கள், பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டால் "எல்லார்கிட்டயும் வண்டி இருக்கு சார்" என்று பதில் வருகிறது. வயசானவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் இல்லை.

"ஸ்மார்ட் சிட்டி வந்துச்சே, அதுல இதெல்லாம் செய்யலையா?"

2016 செப்டம்பரில் பட்டியலில் வேலூர் பெயர் வந்தபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சில நல்ல வேலைகள் நடந்தன, புது பஸ் ஸ்டாண்ட் அதில் ஒன்று. ஆனால் பல வருஷம் தெருத் தெருவாகத் தோண்டிப் போட்டார்கள். பாதாளச் சாக்கடைக்கு ஒரு முறை, குடிநீருக்கு ஒரு முறை. மூடின பள்ளம் மழையில் உள்வாங்கி, ஒரு ராத்திரி நானே சைக்கிளோடு அதில் விழுந்து மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். 2022-ல் நம் ஊரில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது, அடுத்து அடிபம்பைச் சேர்த்துக் கான்கிரீட் போட்ட படம். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ரோட்டில் நடக்கப்போவது யார் என்று வேலை செய்தவர்களும் மேற்பார்த்தவர்களும் ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அது நடந்திருக்காது.

"ரயில்ல ஏதாவது வழி இருக்கா?"

இருக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை. காட்பாடி ஜங்ஷனைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விழுப்புரம் பாதையில் ஊருக்குள்ளேயே வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பாதை அகலப் பாதையாக மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. சென்னை கடற்கரையிலிருந்து கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த மெமு ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு 50 ரூபாய்தான். கூட்டம் எப்படி அள்ளியது என்று பார்த்தோமே, ரயில் விட்டால் ஜனங்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது வந்து ரயில்களை நிறுத்தியபோது, வேலைக்காக அந்தப் பக்கம் தினமும் போய்வருகிறவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

நான் கேட்பது இதுதான்: காலை நாலு, சாயங்காலம் நாலு, காட்பாடிக்கும் கன்டோன்மென்டுக்கும் கண்ணமங்கலம் பக்கத்துக்கும் சின்ன ரயில். தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. ஸ்டேஷன் வாசலில் டவுன் பஸ் நிற்கட்டும், சைக்கிள் நிறுத்த கூரை போட்ட இடம் இருக்கட்டும், மாத பாஸ் கொடுக்கட்டும்.

"மெட்ரோ?"

வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு தலைமுறைக்கு பஸ் வாங்கி ஓட்டலாம்.

"ஏர்போர்ட்?"

அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது. வந்தால் தூரத்திலிருந்து வருகிற நோயாளிகளுக்கு உதவும், வரட்டும். நான் தினமும் பாலம் தாண்டுகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"கார் வெச்சிருக்கறவங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?"

ஒரு கோபமும் இல்லை. என் அண்ணனிடம் கார் இருக்கிறது, அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அதுதான் உதவியது. கார் தேவைப்படுகிற நேரம் எல்லோருக்கும் வரும். ஆனால் பொது ரோட்டில் நாள் பூராவும் சும்மா நிறுத்துவதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மார்க்கெட் பக்கத்தில் ஒரு கார் பிடிக்கிற இடத்துக்குக் கடைக்காரர் எவ்வளவு வாடகை கொடுக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். அதே அளவு இடத்தை ஒருவர் இலவசமாக எட்டு மணி நேரம் வைத்துக்கொள்கிறார். அந்தக் காசை வாங்கி நடைபாதைக்குச் செலவழிக்கலாம்.

பஸ்ஸும் சைக்கிளும் கூடினால் முதலில் நிம்மதி அடையப்போவது கார் ஓட்டுகிறவர்தான், முன்னால் போகிற முப்பது பைக் குறையும்.

"சரி, நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?"

முதலில் ரெண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வேலைகளை எழுதிப் பாருங்கள். பால், மளிகை, மகன் டியூஷன், கோயில். கோட்டைப் பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு பைக்கில் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். வீட்டிலிருந்தே நடந்து போக ஆரம்பித்த ஒருவர், பூங்காவுக்குள் ஒரு சுற்றைக் குறைத்துக்கொண்டேன் என்கிறார். அப்புறம், உங்கள் வார்டு கவுன்சிலரை நேரில் பாருங்கள். மாநகராட்சியில் அறுபது வார்டு, ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவில் நம்மோடு குடியிருப்பவர்தான். "போக்குவரத்தைச் சரி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்த ஸ்டாப்பில் கூரை இல்லை, இந்தப் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை இல்லை, இந்த விளக்கு இருபது நாளாக எரியவில்லை என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பாலம் இறங்குகிற இடத்து விளக்குக்காக நாங்கள் ஆறு பேர் நாலு தடவை மனு கொடுத்தோம். ஐந்தாவது மாதம் எரிந்தது. என் மகள் இப்போது டியூஷன் முடிந்து அந்த வழியாகத்தான் சைக்கிளில் வருகிறாள், நான் பாலத்தின் இந்தப் பக்கம் நின்று கூட்டிக்கொண்டு வருகிறேன். அடுத்த மனு அந்த இடத்தில் ஓரம் பிரிக்கிற கட்டைக்காக. கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விருதம்பட்டு பஸ் ஸ்டாப்புக்கு வரலாம், பேனா நான் கொண்டுவருகிறேன்.